ஆட்டுக்கால் போட்ட பட்டா



பட்டா இல்லாத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன பாடு படவேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கடன் கேட்டுப் போனால் சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்று கேட்பார்கள். கிணறு வெட்ட மனசு வராது. ஒரு தென்னங்கன்று வைக்கக்கூட யோசனையாக இருக்கும். இன்றைக்கு நம்முடையது, நாளைக்கு யாருடையதோ என்ற பயம் உள்ளுக்குள் இருந்துகொண்டே இருக்கும்.

ஆனால் அந்தப் பட்டா எப்படிப் பிறக்கிறது என்று எப்போதாவது நினைத்துப் பார்த்ததுண்டா? காகிதம் முதலில் வந்து, அதற்குப் பின்னால் மனுஷன் நிலத்தில் கால் வைக்கிறானா? இல்லை, கால் வைத்தவனைத் தேடிக் காகிதம் பின்னால் வருகிறதா? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் ஆஸ்திரேலியாவின் சரித்திரத்தில் இருக்கிறது. பட்டா இல்லாமல் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போனவர்கள், இருபது வருஷத்துக்குள் ஒரு நாட்டின் பெரிய நிலக்காரர்கள் ஆன கதை அது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

வெள்ளைக்காரன் வந்த காலம்

1788 ஜனவரியில் ஆர்தர் பிலிப் என்ற கவர்னர் தலைமையில் பிரிட்டிஷ் கப்பல்கள் சிட்னியில் வந்து இறங்கின. வந்தவர்களில் பெரும்பாலோர் தண்டனைக் கைதிகள். அந்தக் குடியேற்றத்துக்கு நியூ சவுத் வேல்ஸ் என்று பெயர்.

அந்தக் கண்டத்தில் ஆள் இல்லாமல் இல்லை. 50,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பழங்குடி மக்கள் அங்கே வாழ்ந்து வந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இன்ன ஆறு, இன்ன மலை, இன்ன சுனை என்று எல்லை இருந்தது. ஆனால் அவர்கள் கையில் காகிதம் இல்லை. ஏர் பூட்டவில்லை, வேலி போடவில்லை என்று காரணம் சொல்லி, நிலம் முழுவதும் தங்கள் அரசருக்கே சொந்தம் என்று பிரிட்டிஷ்காரர்கள் வைத்துக்கொண்டார்கள். அரசர் பெயரில் கவர்னர் எழுதிக் கொடுத்தால்தான் அது பட்டா.

முதல் நாற்பது வருஷம் கவர்னர்கள் பலருக்கு நிலத்தை இனாமாகவே கொடுத்தார்கள். ஜான் மக்கார்தர் என்ற ராணுவ அதிகாரிக்கு 1805-ல் 5,000 ஏக்கர் கிடைத்தது. மெல்லிய ரோமம் உள்ள மெரினோ ஆடுகள் 1797-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து அங்கே வந்திருந்தன. அவற்றை வளர்த்துப் பெருக்கியவர்களில் மக்கார்தரும் ஒருவர். 1809 முதல் 1817 வரை அவர் ஊரில் இல்லாதபோது அந்தப் பண்ணையை நிர்வாகம் செய்தது அவர் மனைவி எலிசபெத்.

கம்பளிதான் காரணம்

அந்த நாட்டுக்கு ஏற்ற விளைபொருள் எது? கோதுமை விளைந்தது. ஆனால் நூறு மைலுக்கு அப்பால் விளைந்த கோதுமையை மாட்டு வண்டியில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தால் வண்டிக் கூலிக்கே காணாது. கறியை அனுப்பலாம் என்றால் அந்தக் காலத்தில் ஐஸ் பெட்டி வைத்த கப்பல் கிடையாது. கம்பளி அப்படியில்லை பாருங்க. கெட்டுப்போகாது. எடைக்கு நல்ல விலை. மாசக்கணக்கில் வண்டியிலும் கப்பலிலும் கிடந்தாலும் இங்கிலாந்தில் ஆலைக்காரர்கள் பணம் கொடுத்து வாங்கினார்கள்.

ஆட்டுக்கு வேண்டியது என்ன? புல்லும் தண்ணீரும். 1813-ல் பிளாக்ஸ்லாண்டு, லாசன், வென்ட்வொர்த் என்ற மூவர் சிட்னிக்கு மேற்கே இருந்த நீலமலையைக் கடந்து, அப்பால் பெரிய புல்வெளி இருப்பதைக் கண்டார்கள். 1815-ல் அங்கே பாதர்ஸ்ட் என்ற ஊர் ஏற்பட்டது. மந்தைகள் மலையைத் தாண்டின.

அந்தப் புல்வெளி சும்மா உண்டானதில்லை. பழங்குடி மக்கள் பருவம் பார்த்துப் புல்லுக்குத் தீ வைப்பார்கள். மழைக்குப் பின் இளம்புல் துளிர்க்கும். அதை மேயக் கங்காரு வரும். அதை வேட்டையாடுவார்கள். தலைமுறை தலைமுறையாகச் செய்த அந்த வேலையின் பலனைத்தான் வந்தவர்களின் ஆடுகள் மேய்ந்தன.

எல்லைக்கோடும் அதைத் தாண்டிய மந்தையும்

மந்தை இப்படிப் பரவுவதைக் கவர்னர்கள் விரும்பவில்லை. தூரத்து ஊருக்கெல்லாம் சர்வேயர் அனுப்பவேண்டும், போலீஸ் அனுப்பவேண்டும், செலவாகும். அதனால் 1826-ல் கவர்னர் டார்லிங் ஒரு எல்லை போட்டார். 1829-ல் அதைத் திருத்தி, சிட்னியைச் சுற்றி 19 மாவட்டங்கள் மட்டும் குடியேறத் தக்கவை என்று அறிவித்தார்கள். அதற்கு வெளியே நிலத்தை விற்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை.

அந்தச் சமயத்தில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, 1826 முதல் சில வருஷம் கடும் வறட்சி. எல்லைக்குள் புல் கருகிப்போனது. இரண்டு, 1831-ல் இனாம் நிலம் நின்றுபோனது. இனிமேல் ஏலத்தில்தான் வாங்கவேண்டும், ஏக்கருக்குக் குறைந்தது 5 ஷில்லிங் என்று சட்டம் வந்தது.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆட்டுக்கு 3 ஏக்கர் மேய்ச்சல் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 ஆடு வைத்திருப்பவருக்கு 3,000 ஏக்கர். ஏக்கருக்கு 5 ஷில்லிங் என்றால் 15,000 ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக 750 பவுண்டு. எல்லைக்கு வெளியே போனால்? ஒரு காசு வேண்டாம். மந்தையை ஓட்டிக்கொண்டு போய், தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் போதும். உங்களிடம் ஆடு இருந்தால் நீங்கள் எந்தப் பக்கம் ஓட்டுவீர்கள்?

இப்படிப் போனவர்களுக்கு 'ஸ்குவாட்டர்' என்று பெயர் வந்தது. குந்திக்கொண்டவர் என்று அர்த்தம். முதலில் அது ஏச்சுப் பெயர். தண்டனை முடிந்து வந்து, ஓரமாகக் குடிசை போட்டு, அடுத்தவன் ஆட்டைத் திருடிப் பிழைப்பவனைத்தான் அப்படிச் சொன்னார்கள். பிறகு ராணுவ அதிகாரிகளும், பணக்கார வியாபாரிகளும், இங்கிலாந்திலிருந்து முதல் போட வந்த பெரிய வீட்டுப் பிள்ளைகளும் அதே காரியத்தைச் செய்ய ஆரம்பித்தார்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் அதே சொல் கௌரவப் பட்டம் ஆகிவிட்டது. காரியம் மாறவில்லை, செய்கிற ஆள்தான் மாறினான்.

அவர்கள் வாழ்க்கை சொகுசானதும் அல்ல. மரப்பட்டையால் ஒரு குடிசை. சில நூறு ஆட்டுக்கு ஒரு மேய்ப்பன். பெரும்பாலும் அரசாங்கம் வேலைக்கு ஒதுக்கிக் கொடுத்த கைதி. பகலெல்லாம் மேய்த்து, ராத்திரி படல் கட்டிப் பட்டியில் அடைக்கவேண்டும். 'டிங்கோ' என்ற காட்டுநாய்க்குக் காவல் இருக்கவேண்டும். ஆட்டுக்குச் சொறி வந்தால் மந்தையே நாசம். எல்லைக்கல் கிடையாது. ஒரு ஓடை, ஒரு மலைமுகடு, கோடரியால் அடையாளம் வெட்டிய ஒரு மரம், இவ்வளவுதான் பக்கத்துக்காரனுக்கும் அவனுக்கும் நடுவே எல்லை.

தடுக்க முடியாதவரிடம் வரி வாங்கு

தெற்குக் கரையிலும் இதே கதைதான். 1834 நவம்பரில் எட்வர்ட் ஹென்டி என்பவர் டாஸ்மேனியாத் தீவிலிருந்து கடலைத் தாண்டி வந்து, போர்ட்லாண்டு விரிகுடாவில் யார் அனுமதியும் இல்லாமல் குடியேறினார். 1836 ஆகஸ்டில் அரசாங்க சர்வேயர் மேஜர் மிட்செல், வெள்ளையர் யாரும் குடியேறியிராத பிரதேசம் என்று நினைத்து அங்கே போனால், ஹென்டி குடும்பத்தார் பண்ணை நடத்திக்கொண்டிருக்கிறார்கள்! சர்வேச் சங்கிலிக்கு முன்னால் ஆடு போய்விட்டது.

1835 ஜூனில் ஜான் பேட்மன் என்பவர் இன்றைய மெல்போர்ன் இருக்கும் பகுதிக்கு வந்தார். அங்கிருந்த பழங்குடிப் பெரியவர்களிடம் போர்வை, கத்தி, கண்ணாடி, மாவு முதலியன கொடுத்து, சுமார் 6 லட்சம் ஏக்கர் நிலத்தை வாங்கிக்கொண்டதாக ஒரு பத்திரம் எழுதினார். அந்தப் பெரியவர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்களோ, விற்கிறோம் என்று நினைத்திருக்க நியாயமில்லை. கவர்னர் போர்க் 1835 ஆகஸ்டில் அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவித்தார். ஏன் தெரியுமா? ஏமாற்று வேலை என்பதற்காக இல்லை. நிலம் அரசருடையது, பழங்குடிகளுக்கு அதை விற்க உரிமையே இல்லை என்பதற்காக. அரசர் அனுமதி இல்லாமல் அங்கே இருப்பவர்கள் அத்துமீறியவர்கள் என்றும் அறிவித்தார்.

பத்திரம் போனது. ஆடு போனதா என்றால் இல்லை. மந்தைகள் இன்னும் அதிகமாக வந்து இறங்கின. ஆயிரம் மைலுக்குப் பரவிக் கிடப்பவர்களை விரட்ட ஆள் எங்கே? கம்பளி ஏற்றுமதியில்தான் நாடே பிழைக்கிறது. விரட்டினால் நஷ்டம் அரசாங்கத்துக்கே.

ஆகவே 1836-ல் ஒரு வழி செய்தார்கள். எல்லைக்கு வெளியே மேய்ப்பவர் வருஷத்துக்கு 10 பவுண்டு கட்டி லைசென்சு எடுக்கவேண்டும். புறம்போக்கை உழுதவருக்கு 'பி மெமோ' கொடுத்துப் பணம் வசூலிப்பார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் உன்னுடையது அல்ல, ஆனால் பணம் கட்டு. 10 பவுண்டுக்கு எல்லைக்குள் 40 ஏக்கர்தான் வாங்கலாம். எல்லைக்கு வெளியே அதே பணத்தில் வருஷம் முழுக்க எத்தனை ஆயிரம் ஏக்கரிலும் மேய்க்கலாம். பரப்புக்கு உச்சவரம்பு கிடையாது. 1839-ல் ஆட்டுக்கு அரை பென்னி வரி போட்டு, அந்தப் பணத்தில் எல்லைப் போலீஸ் என்று ஒரு படையும் ஏற்படுத்தினார்கள்.

அரசாங்கம் பணம் வாங்கி ரசீது கொடுத்த நாளிலிருந்து, திருட்டுத்தனமாக இருந்தவன் வரி கட்டுகிற குடிமகன் ஆனான். பட்டாவுக்கு முதல் படி அதுதான்.

முன்பே இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

இந்தக் கணக்கில் ஒரு தரப்பார் வரவேயில்லை. அவர்கள் அந்த மண்ணுக்கு உரியவர்கள். தெற்கே 'முர்னாங்' என்று ஒரு கிழங்கு. மஞ்சள் பூ பூக்கும் செடி. பெண்கள் கம்பால் தோண்டி எடுத்துச் சுட்டுக் கொடுப்பார்கள். அதுதான் அன்றாட ஆகாரம். ஆட்டுக்கு அந்தச் செடி கற்கண்டு மாதிரி. இலையோடு விடாமல் கிழங்கையும் கிளறித் தின்றுவிட்டது. அந்தக் கண்டத்தில் அதற்குமுன் கடினமான குளம்பு உள்ள மிருகமே கிடையாது. கங்காருவின் பாதம் மெத்தென்று இருக்கும். ஆயிரக்கணக்கான குளம்புகள் மிதித்த இடத்தில் பொதுபொதுவென்று இருந்த மண் இறுகிப்போனது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடியது. சில வருஷத்திலேயே கிழங்கு அருகிப்போனது. சுனைகளில் ஆடுகள் நின்றன.

பசித்தவர்கள் ஆட்டைப் பிடித்தார்கள். மேய்ப்பர்கள் சுட்டார்கள். இவர்களும் ஈட்டி எறிந்தார்கள். பாதர்ஸ்ட் பகுதியில் விராஜுரி மக்கள் விண்ட்ராடைன் என்பவர் தலைமையில் எதிர்த்து நின்றபோது, 1824-ல் அங்கே ராணுவச் சட்டம் போட்டார்கள்.

1838 ஜூனில் மயால் கிரீக் என்ற இடத்தில், ஒரு பண்ணையில் அமைதியாகத் தங்கியிருந்த பழங்குடி மக்களில் குறைந்தது 28 பேரை, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள், பண்ணை ஆட்கள் கட்டி இழுத்துப்போய்க் கொன்றார்கள். கவர்னர் கிப்ஸ் வழக்குப் போட்டார். நிலக்காரர்கள் பணம் திரட்டிக் குற்றவாளிகளுக்கு வக்கீல் வைத்தார்கள். முதல் விசாரணையில் 11 பேரும் விடுதலை. இரண்டாவது விசாரணையில் 7 பேருக்குத் தூக்கு. அப்படித் தண்டனை கிடைத்தது அபூர்வம். தண்டனையே இல்லாமல் போனவை அநேகம்.

பட்டா இல்லாத தொல்லை

ஸ்குவாட்டர்களுக்கு நிலம் இருந்தது, காகிதம் இல்லை. 1840-களின் தொடக்கத்தில் கம்பளி விலை சரிந்தது. ஆட்டு விலை சில பென்னிக்கு இறங்கியது. ஆட்டைக் கொப்பரையில் போட்டுக் காய்ச்சிக் கொழுப்பு எடுத்து விற்றால் அதைவிடக் கூடக் கிடைக்கிறது என்று 1843-ல் கண்டுபிடித்து மந்தை மந்தையாகக் காய்ச்சினார்கள்.

பாங்கியில் கடன் கேட்டால், அடமானம் வைக்க நிலப்பத்திரம் எங்கே என்று கேள்வி. நமக்கு வருகிற அதே கேள்விதான். ஆனால் அவர்களுக்குச் சட்டசபையில் ஆள் இருந்தது. நீலமலை தாண்டிய அதே வென்ட்வொர்த் முன்நின்று, 1843-ல் ஒரு சட்டம் நிறைவேறியது. அடுத்த பருவத்தில் வெட்டப்போகிற கம்பளியையும், உயிரோடு நிற்கும் மந்தையையும் அடமானம் வைக்கலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. பட்டா இல்லாதவனுக்கும் கடன் கிடைத்தது.

1844-ல் கவர்னர் கிப்ஸ் கொஞ்சம் இறுக்கிப் பார்த்தார். ஒரு லைசென்சுக்கு 20 சதுர மைல்தான், அதற்குமேல் வைத்திருப்பவர் இன்னொரு லைசென்சு எடுக்கவேண்டும் என்றார். 20 சதுர மைல் என்றால் 12,800 ஏக்கர்! அதுவும் போதவில்லை அவர்களுக்கு. கூட்டம் போட்டார்கள், சங்கம் வைத்தார்கள், லண்டனுக்கு மனு அனுப்பினார்கள். 'நிரந்தரம் இல்லாததால் நாங்கள் நல்ல வீடு கட்டவில்லை, பழமரம் வைக்கவில்லை' என்று வாதாடினார்கள். வாதம் நியாயமானதுதான். நாளைக்கு யாருடையதோ என்ற நிலத்தில் யார் மரம் வைப்பார்கள்?

லண்டன் இணங்கியது. 1846-ல் சட்டம், 1847-ல் அதன் கீழ் உத்தரவு. தூரத்து மாவட்டங்களில் 14 வருஷம் வரை குத்தகை. அதைவிட முக்கியமான ஒன்று, குத்தகைக் காலத்தில் அந்த நிலத்தைக் குத்தகைதாரரைத் தவிர வேறு யாரும் வாங்க முடியாது. 1829-ல் கால் வைக்கக்கூடாது என்று சொன்ன இடத்துக்கு, 18 வருஷத்தில் முத்திரை போட்ட காகிதம் வந்துவிட்டது.

பின்னால் வந்த சிறு விவசாயி

1851-ல் தங்கம் கிடைத்தது. லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள். தங்கம் தீர்ந்ததும் நிலம் கேட்டார்கள். ஜான் ராபர்ட்சன் என்ற தலைவர் 1861-ல் சட்டம் கொண்டுவந்தார். யார் வேண்டுமானாலும் 40 முதல் 320 ஏக்கர் வரை, ஸ்குவாட்டரின் குத்தகை நிலத்திலேயே கூட, தாமே பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். ஏக்கர் ஒரு பவுண்டு, முதலில் கால்பங்கு கட்டினால் போதும். குடியிருந்து பாடுபடவேண்டும். நல்ல சட்டம் இல்லீங்களா?

ஆனால் நடந்தது வேறு. ஸ்குவாட்டர்கள் தங்கள் வேலைக்காரர், உறவுக்காரர் பெயரில் பினாமியாக நிலம் எடுத்தார்கள். எந்த நிலத்தை எடுத்தார்கள் என்பதில்தான் சூட்சுமம். ஆற்றங்கரை, ஓடை, சுனை இருக்கும் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். மயில் தோகையில் கண்ணை மட்டும் பிடுங்குவது போல. இதற்கு 'மயில் வேலை' என்றே அங்கே பெயர். தண்ணீர் ஒருவன் கையில் போய்விட்டால் சுற்றியுள்ள பத்தாயிரம் ஏக்கரைப் பட்டா போட்டு வாங்குவானேன்? வேறு யாராலும் அங்கே பிழைக்க முடியாது. சட்டப்படி பணம் கட்டி வந்த சிறு விவசாயி, கையில் காகிதமும் வயலில் வறட்சியுமாக நின்றான். கடன் ஏறியது. கடைசியில் அதே பெரிய பண்ணைக்கு விற்றுவிட்டுப் போனவர்கள் ஏராளம்.

நமக்கு என்ன?

பழங்குடி மக்கள் கதை அதோடு முடியவில்லை. நிலம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது என்ற வாதத்தை, எடி மாபோ என்பவர் முன்நின்று நடத்திய வழக்கில் 1992-ல் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் தள்ளியது. அந்தத் தீர்ப்பு வருமுன்பே மாபோ காலமாகிவிட்டார். மேய்ச்சல் குத்தகை கொடுத்ததாலேயே பழங்குடிகளின் உரிமை தானாக அழிந்துவிடாது என்று 1996-ல் விக் மக்கள் வழக்கில் தீர்ப்பானது. இரண்டும் மோதினால் குத்தகையே மேல் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 1788-லிருந்து எண்ணினால் 200 வருஷத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த நியாயம், அதுவும் பாதிதான்.

விவசாய நண்பர்களே, இந்தக் கதையில் மூன்று பேர் இருக்கிறார்கள். முதலில் இருந்தவருக்கு மண்ணைத் தெரியும், காகிதம் இல்லை, இழந்தார். நடுவில் வந்தவருக்குக் காகிதம் இல்லை, ஆனால் மந்தையும் பணமும் சட்டசபையில் குரலும் இருந்தது, காகிதம் அவரைத் தேடி வந்தது. கடைசியில் வந்தவருக்குக் காகிதம் இருந்தது, தண்ணீர் இல்லை, அவரும் இழந்தார்.

ஆக, பட்டா என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. அதை யாரோ எழுதுகிறார்கள். எழுதும் இடத்தில் நம்முடைய குரல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உங்கள் நிலத்தின் சர்வே எண்ணும் பெயரும் கணக்கில் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிடுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வயலுக்கு வருகிற வாய்க்கால், ஊர் ஏரி, மேய்ச்சல் புறம்போக்கு, இவை கணக்கில் யார் பெயரில், எத்தனை ஏக்கர் என்றும் கேளுங்கள். பட்டாவில் ஒரு சென்ட் குறையாமல் இருந்தும், வாய்க்கால் அடுத்தவன் கைக்குப் போய்விட்டால், அந்தப் பட்டாவை வைத்துக்கொண்டு என்ன விளைவிப்பது?